பதினோரு பேருக்குக் கொடுத்த வாக்கு

“அந்தத் தொடர்கதையை எழுதறது நீதானே?” என்று கேட்டாள் தபால் அக்கா.

“எந்தத் தொடர்கதை?”

“வாரா வாரம் ஒருத்தரைக் காணாம அடிக்குதே, அது. ஆம்பளைப் பேர்ல வருதே.”

“யார் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. இந்த ஆபீஸ்ல எல்லாரும் போற போக்குல பாராட்டுக் கடுதாசித் தட்டைத்தான் எட்டிப் பார்ப்பாங்க. நீ ஒருத்திதான் நேரா திட்டுத் தட்டுல கை வைக்கற. எழுதினவளுக்குத்தான் அந்த அரிப்பு.”

கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் காது சுட்டது. இரண்டு மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் என்பதால் அந்த வார இதழில் அவளுக்கு அகராதி என்று பெயர். தானாகத் திறக்காத அகராதி. தொடர்கதை விஷயம் ஆசிரியரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

“சரி, அது கிடக்கட்டும். தண்ணித் தொட்டிக்குள்ள மாட்டிக்கிட்டாளே ஒரு சின்னப் பொண்ணு, அவ சாகப் போறாளா?”

அகராதி மேசையைப் பார்த்தாள்.

“புரிஞ்சுபோச்சு. எப்ப அச்சுக்குப் போகுது?”

“வியாழக்கிழமை.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். “அப்ப நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்டி. பதினோரு பேருக்குப் பதில் போட்டுட்டேன், பொண்ணு பொழைச்சுக்குவான்னு.”

அது திங்கட்கிழமை காலை.

வாசகர் கடிதங்களைப் பிரிக்கும் அக்காவுக்கு முப்பது வருடமாக அதே ஜன்னலோர மேசை. கடித உறைகளை அடிப்பக்கமாகத்தான் கிழிப்பாள், அனுப்பியவரின் முகவரிமேல் கத்தி படக்கூடாது. படித்த கடிதம் மூன்று தட்டுகளில் ஒன்றுக்குப் போகும்: பாராட்டு, திட்டு, அழுகை. முகவரி எழுதியிருந்தால் அஞ்சலட்டையில் இரண்டு வரி பதில் போய்விடும். போடச் சொல்லிச் சட்டம் ஒன்றுமில்லை. “முகவரி போட்டவங்க வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க” என்பாள்.

இந்தத் தொடர் ஆரம்பித்த பிறகு அழுகைத் தட்டு நிரம்பி வழிந்தது. ‘என் மகளுக்கும் ஒன்பது வயது. படிக்கவும் முடியவில்லை, படிக்காமல் இருக்கவும் முடியவில்லை’ என்று ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். அக்கா பார்த்த முப்பது வருடத் தொடர்களில் ஒரு குழந்தைகூடச் செத்ததில்லை. அந்தத் தைரியத்தில் அக்கா பேனாவை எடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அகராதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுதி முடித்த அத்தியாயத்தை எடுத்தாள், மூடினாள், மறுபடி எடுத்தாள். ஏழு வாரமாக அந்தத் தொட்டியில் அங்குலம் அங்குலமாகத் தண்ணீர் ஏற்றியவள் அவள்தான். இப்போது யாரோ வந்து மூடியைத் திறந்தார்கள் என்று எழுதினால் ஏழு வாரமும் பொய்யாகிவிடும். திறக்காவிட்டால் அக்காவின் இரண்டு வரி பொய்யாகிவிடும். மாலை ஆறு மணிக்கு அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தது அக்காவின் கணவர், கடிகாரம் பழுதுபார்ப்பவர். “வாம்மா. நீயாவது சொல்லு. பத்தொன்பது நாளா இந்த வீட்ல நியூஸ் பார்க்க முடியல.”

கூடத்தில் டிவிமேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. அக்கா அதை விலக்கினாள். இடிந்த கட்டடம், ஒரு கதவு. அதன் முன்னால் இரண்டு பெண்கள் கைகோத்தபடி அசையாமல் நின்றார்கள்.

இதழில் அப்போது ‘வீடியோ கேம் ஒரு கலையா?’ என்று விவாதம் போய்க்கொண்டிருந்தது. கலையாவது கத்திரிக்காயாவது என்று ஒரு கட்சி, கதையைவிட ஒரு படி மேல் என்று இன்னொரு கட்சி. ‘ஒரு விளையாட்டில் என் தங்கையை நானே கைவிட்டேன், வேறு பட்டன் இல்லை. இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. இதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை எந்தத் தட்டில் போடுவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. மகள் விட்டுப்போன கேம் மெஷினை டிவியில் மாட்டி, அதே விளையாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

“பட்டனை அமுக்கிட்டே இருந்தா கையைப் பிடிச்சிருக்கேன்னு அர்த்தம். விட்டாத்தான் கதவு திறக்கும். ஒருத்திதான் போகலாம். நான் அப்படியே நிறுத்தி வெச்சுட்டேன்.”

“அணைச்சுட்டு அப்புறம் ஆடலாமே அக்கா?”

“அணைச்சா முதல்லேருந்து நடத்திக் கூட்டிட்டு வரணும். சின்னவளுக்கு ஏற்கெனவே கால் வலி.”

“ஐம்பத்திரண்டு வயசு” என்றார் கணவர், கடிகாரம் பார்க்கக் கண்ணில் மாட்டிய லென்ஸை எடுக்காமலே. “பொம்மைக்குக் கால் வலியாம். எனக்கு வலிச்சா தைலம் எங்கேன்னுகூடக் கேக்கறதில்ல.”

“நீங்க நடக்கறதே இல்லையே, எங்கே வலிக்கும்?”

அகராதி சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “கதையில அந்தப் பாவம் இல்ல அக்கா. படிக்கறவங்க கையில ஒண்ணும் இல்ல.”

“அதனாலதான்டி கடுதாசி போடறாங்க. கையில ஒரு பட்டன் இருந்தா உனக்கு எதுக்கு எழுதறாங்க?”

தொட்டிக்குள் இருந்த சிறுமி கடைசியில் செத்துத்தான் போனாள். ஒரு வரியைக்கூட அகராதி மாற்றவில்லை. அடுத்த வாரம் திட்டுத் தட்டு போதாமல் ஒரு அட்டைப்பெட்டி வைக்க வேண்டியதாயிற்று. கல்நெஞ்சக்காரன், குழந்தை பெறாதவன், உருப்படமாட்டான் என்று விதவிதமாக வந்தன. அக்கா கொடுத்த வாக்கை மட்டும் ஒருவரும் குத்திக்காட்டவில்லை. அந்தப் பதினோரு பேரிடமிருந்து வந்தவை அழுகைத் தட்டுக்கே போயின. நர்ஸ் மட்டும் அகராதியின் சொந்தப் பெயரைப் போட்டு, ‘இனி படிக்கமாட்டேன். ஆனாலும் முன்னாலேயே சொன்னதற்கு நன்றி’ என்று எழுதியிருந்தார்.

அந்த நன்றி, அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள், புதன்கிழமை மதியம் அக்கா கேட்ட ஒன்றால் வந்தது. பதினோரு அஞ்சலட்டைகளை, முகவரி எழுதி, சீட்டுக்கட்டுபோல் அகராதியின் மேசையில் பரப்பினாள். பேனா மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தாள்.

“அவளைக் காப்பாத்துன்னு நான் கேக்கல. அது உன் கதை. ஆனா ஞாயித்துக்கிழமை புத்தகத்தைப் பிரிச்சு இவங்க திடுக்கிடக்கூடாது. தப்பாச் சொன்னது நான்னு முதல் வரியை நான் எழுதிட்டேன். மிச்சத்தை நீ எழுது. கீழே அந்த ஆம்பளைப் பேரைப் போடாதே. உன் பேரைப் போடு.”