லோமியின் பூவைக் குடித்தது யார்?

ஹிடார் 1989: ஒன்பது மூட்டை.
ஹிடார் 1990: ஆறு மூட்டை.
ஹிடார் 1991: ஏழு மூட்டை.
ஹிடார் 1992: நான்கு மூட்டை.

ஹிடார் எங்கள் நாட்காட்டியின் மூன்றாம் மாதம், காப்பி அறுவடைக் காலம். நான்கு அறுவடையும் கேரா கூட்டுறவுத் தராசில் நான் நிறுத்தவை. காப்பிச் செடிகள் விதவை லோமிக்குச் சொந்தம். அவற்றுக்கு நிழல் தரும் பெரிய மரமும், அதில் தொங்கிய தேன்கூடுகளும் அவளுடைய கொழுந்தன் தெமாமுக்கு. எங்கள் காட்டில் இப்படிப் பங்கு வைப்பது வழக்கம்.

ஆறு மூட்டை விளைந்த ஆண்டு லோமி மரத்தடியில் நின்று கத்தினாள்.

"தம்பி! உன் தேனீ என் பூவைக் குடிச்சுட்டுப் போகுது. குடிச்ச பூ எப்படிக் காய்க்கும்?"

"அது குடிக்கலைன்னாத்தான் காய்க்காது, மதினி."

"திருடனுக்கு வக்கீலா நீ?"

தெமாம் மரமேறிக் கூடுகளை இறக்கினான். அகாரோ ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.

மறு அறுவடை ஏழு மூட்டை. லோமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அதற்கடுத்தது நான்கு. தேனீ இல்லாததால் குறைந்ததா? பூத்த நாளில் கொட்டிய மழையாலா? அப்படியென்றால் ஏழு எப்படி வந்தது? தராசுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

"இன்னொரு நாலு மூட்டைன்னா காட்டை விக்கணும்" என்றாள் லோமி. அவள் சொல்ல, தெமாமுக்கு நான்தான் எழுதினேன்: பூக்கும் முன் தேனீயைக் கொண்டு வா.

பதில் வந்தது: "தேனீ என்ன ஆடா மதினி, கயித்துல கட்டி ஓட்டிட்டு வர? வெறுங்கூட்டுக்கு வாசனைப் புகை காட்டித் தொங்கவிடுவோம். புடிச்சா அதுவா வரும்."

"கோவத்தை விட்டுட்டு வந்து கூட்டையாவது தொங்கவிடச் சொல்லுங்க" என்றாள். அதையும் எழுதினேன்.

அறுவடை முடிந்து மூன்று மாதம் கழித்து, ஆறாம் மாதமான யெகாதித்தின் மழைக்குப் பின் காடு வெள்ளையாகப் பூத்தது. பார்க்கப் போனேன். பூவெங்கும் இரைச்சல். ஒரு கூடுகூட இல்லாத இடத்தில் இத்தனை தேனீக்கள்!

"இது யாரோடது?" என்று லோமி என்னைக் கேட்டாள். "போன வருஷமும் வந்துச்சா? நான் பாக்கலையா? இப்ப அவனை வரச் சொன்னது சரியா, தப்பா?"



பூ உதிரத் தொடங்கிய அன்று, லாரிக்காரன் தெமாமின் கடைசிக் கடிதத்தைத் தந்தான். "ரெண்டு வெறுங்கூட்டோட கிளம்பிட்டேன். மரத்தடியில அடுப்பு மூட்டாதீங்க, மதினி. அடுப்புப் புகைக்குத் தேனீ அண்டாது."

லோமி போய் மரத்தடியில் எரிந்த அடுப்பை அணைத்தாள்.

கடிதம் வந்தது யெகாதித் 19, 1992.