சாயக்கொட்டில் வாசலில் கேட்ட கேள்வி

எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம். நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போவதற்காக நானும் மச்சாளும் புங்குடுதீவில், குறிகட்டுவான் துறையில் வந்து இறங்கினோம். சோளகக் காற்று கடலைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தது. "காத்து விழட்டும் அக்கா, மத்தியானத்துக்குப் பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு, வள்ளக்காரர் தலைத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. தாய் நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அதற்காகவே கல்யாணம் செய்யாமலும் இருந்துவிட்டார். அந்தத் தம்பி, அதாவது என்னுடைய அவர், வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தார். முந்திய வருடம் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வரப் பஸ் ஏறினார். ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. ஆசுப்பத்திரி, பொலிஸ், முகாம் வாசல் என்று நாங்கள் ஏறி இறங்காத படி கிடையாது. எங்கே போனாலும் தெரியாது என்ற பதில்தான்.

வருடம் திரும்பியதும் சொந்தக்காரர்கள் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். ஆள் இருந்தால் ஒரு கடிதமாவது போடமாட்டாரா, காரியம் செய்யாவிட்டால் ஆத்மா அலையாதா என்று. கடைசியில், தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்துக் கீரிமலையில் அந்திரட்டி என்கிற ஈமக்கிரியையைச் செய்வதென்று முடிவாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஐயருக்கும் சொல்லியாகிவிட்டது. அதோடு என் தாலியும் பொட்டும் போய்விடும். இத்தனைக்கும் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாதாரணமாக எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஊரில் கேட்டால் சொல்வார்கள். இந்த விஷயத்தில் மட்டும் நாக்கு எழவில்லை. அவர் இருக்கிறார் என்று அடித்துச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அம்மனிடம் ஒருமுறை சொல்லிவிட்டு வருவோம் என்றுதான் மச்சாள் என்னைக் கூட்டி வந்திருந்தார்.

துறையடியில் ஒதுங்க நிழல் இல்லை. தேத்தண்ணிக் கடைக்காரர்தான், "சும்மா நிண்டு வெயிலிலை காயாமல், இறுப்பிட்டிப் பக்கம் சாயக்கொட்டில் இருக்கு, போய்ப் பாத்திட்டு வாங்கோவன்" என்று வழி காட்டினார். மச்சாளுக்கு விருப்பமில்லை. கோயிலுக்கு வந்த இடத்தில் இதென்ன விடுப்பு, வேடிக்கை பார்க்கிறது என்று முணுமுணுத்தபடிதான் வந்தார். பல நாளாக எனக்குச் சரியான நித்திரை இல்லை. அதனாலோ என்னவோ, அந்த வெள்ளை மணல் ஒழுங்கையும், ஓயாமல் சரசரத்த பனையோலையும், காற்றோடு வந்து வந்து போன கடல் இரைச்சலும் எல்லாமே கனவில் நடப்பது போலத்தான் இருந்தன. கால் தன்பாட்டில் போனது.

பெயர்தான் கொட்டில். உண்மையில் அது முருகைக்கல்லால் கட்டிய பெரிய கட்டடம். ஒல்லாந்தர் காலத்தில், தீவுகளில் தோண்டி எடுத்த சாயவேரை அவித்து அங்கே துணிகளுக்குச் சிவப்பு ஏற்றினார்களாம். பாழடைந்து கிடந்ததை அந்த ஊர் வாத்தியார் ஒருவர் துப்புரவாக்கி, பழைய சாமான்களைச் சேர்த்து வைத்து, வருகிறவர்கள் பார்க்கும்படி செய்திருந்தார். பூட்டின் திறப்பு பக்கத்து வீட்டில் இருந்தது. ஒடியல் மா இடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், முழங்கை வரை மாவோடு திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். நல்ல கலகலப்பு. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே விடாமல் வாசலில் கையை மறித்துக்கொண்டு நின்றார்.

"செருப்பைக் கழட்டுங்கோ. உங்களுக்குத் துடக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

பிறப்பு, இறப்பு நடந்த வீட்டுத் தீட்டைத்தான் எங்கள் பக்கத்தில் துடக்கு என்போம். துடக்குக்காரர் கால் வைத்தால் தொட்டியில் கிடக்கும் சிவப்பு கறுத்துவிடும் என்று, அந்தக் காலத்தில் வாசலிலேயே கேட்டுத்தான் ஆளை உள்ளே எடுப்பார்களாம். இப்போது தொட்டியில் சாயமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியையும் விடாமல் கேட்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லி வைத்திருந்தார்.

மச்சாள் வழக்கம்போல "இல்லை" என்றார். சொன்ன வாய் மூடவில்லை, அப்படியே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு அந்திரட்டி செய்யப்போகிறவர், தனக்குத் துடக்கில்லை என்கிறார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். என் நெற்றியில் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடி. இல்லை என்று சொல்லிவிட்டு நானும் உள்ளே போயிருக்கலாம். விளையாட்டுக் கேள்விதானே. ஆனால் அந்த ஒரு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் எனக்குப் பட்டது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியாது" என்றேன்.

பிறகு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நாளும் வராத அழுகை. மச்சாள்தான் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமைக் காரியம் உட்பட. அந்தப் பெண் மறித்த கையை எடுத்தார். ஐயோ பாவம் என்றோ, அம்மன் காப்பாற்றுவா என்றோ அவர் சொல்லவில்லை.

"செய்தி காதிலை விழுந்தால்தானே அக்கா துடக்கு? செய்தி வராமல் என்ன துடக்கு? உள்ளுக்கு வாங்கோ ரெண்டு பேரும்."

எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. கொழும்பில் ஒருவர் இறந்து பத்து நாள் கழித்துச் செய்தி வந்தால், வந்த நாளில் இருந்துதான் துடக்கு எண்ணுவோம். அதை எங்களுக்குப் பொருத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

உள்ளே போனபோது குளிர்ச்சியாக இருந்தது. வெளிக் காற்றின் சத்தம் சுவருக்கு அப்பால் எங்கோ தூரத்தில் கேட்டது. நிலத்தில் வரிசையாகச் சுண்ணாம்பு பூசிய தொட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் பழைய சிவப்பு படிந்திருந்தது. மேலே சாளரத்துக்குக் குறுக்காக ஒரு நீளச் சீலையைத் தொங்கவிட்டிருந்தார்கள், அங்கே சாயம் போட்டதாம். அதற்குள்ளால் சிவந்து வந்த வெயில் தரையெல்லாம், சுவரெல்லாம், எங்கள் மூன்று பேர் மேலும் விழுந்திருந்தது. அசைந்தால் அந்த நிறம் கலைந்துவிடும் போலிருந்தது. அந்தப் பெண் கல்லைக் காட்டினார், கட்டையைக் காட்டினார், ஏதோ சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பாதி கேட்கவில்லை. ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து என் மடியில் கிடந்த சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக நெஞ்சில் பாரமில்லாமல் மூச்சு விட்டேன். கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள்.

திரும்பி வரும்போது ஒழுங்கையின் பாதிவழியில் மச்சாள் சட்டென்று நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமை ஒண்டும் வேண்டாம். ஐயரிட்டை நான் சொல்லுறன்."

"சனம் கதைக்கும், மச்சாள்."

"கதைக்கட்டும். நீர் பேசாமல் வாரும்."

அன்று பின்னேரம் காற்று விழுந்து வள்ளம் போனது. அம்மனிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, கும்பிட்டுவிட்டு வந்தோம். அதன்பிறகு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "செய்தி வந்ததோ?" என்று மச்சாள் ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவிடாமல் கடைசிவரைக்கும் காவல் நின்றவர் அவர்தான்.

தொண்ணூற்று நாலில் மச்சாள் காலமானார். மரண அறிவித்தல் எழுத வந்த அயலவர் ஒவ்வொரு உறவாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், தம்பியின் பெயரடியில் பேனையை நிறுத்தினார்.

"காலஞ்சென்ற எண்டு போடுறதோ, அக்கா?"

வீடு நிறையச் சனம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உள்ளே மச்சாளைக் கிடத்தியிருந்தார்கள். பதில் சொல்ல இனி அவர் இல்லை.

"போடாதையும். அது எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

என்னுடைய அவர் எங்கே என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்ற தைரியத்தை, மாக் கையோடு வாசலை விட்டு விலகி எங்களை உள்ளே கூப்பிட்ட அந்தப் பெண்தான் எனக்குத் தந்தார்.