தொழுவத்துக்கு வந்த மான்

சூடேறிய குண்டு பல்பு எனாமல் பெயிண்டில் பட்டால் எழும் கருகல் வாசனைதான் எனக்கு இன்றும் கிறிஸ்துமஸ். இப்போது அடுக்குமாடி வாசல்களில் நிற்கும் எல்இடி மான்களுக்கு வாசனையும் கிடையாது, லட்சணமும் கிடையாது. ஓசூரில் பஞ்சைத் தூவி அதைப் பனிக்கட்டி என்று சொல்லி, நடுவில் ஒரு மான் எலும்புக்கூட்டுக்கு விளக்குப் போட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது ஓசூர் பக்கத்து மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தோம். தொழிற்சாலையில் வெல்டராக இருந்த அப்பா, எங்கள் மாதா கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்காக, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து கம்பி வளைத்து, படுத்திருக்கும் மாடு ஒன்றை நிஜ அளவில் செய்து, வெள்ளை எனாமல் அடித்து, உள்ளே குண்டு பல்பு "சீரியல் செட்" ஓடவிட்டார். பக்கத்து வீட்டு முனியப்பா மாமாவுக்குக் கால்நடைப் பண்ணையில் வேலை. மாடு விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. திமிலிலிருந்து வால் வரை தடவிப் பார்த்துவிட்டு, "சினை மாடு மாதிரியே படுத்துனு இருக்குது, எழுப்பிடாதீங்க" என்றார். அப்பா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

ஆனால் கோயில் அலங்காரக் கமிட்டித் தலைவர், பாதி இங்கிலீஷில் பேசினால்தான் மரியாதை என்று நம்பிய ஒரு மேதை, பெங்களூரிலிருந்து விளக்கு மான் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். டி.வி. ஆன்டெனா போலக் கொம்பு, வைக்கோலையே காணாத வயிறு. அதைக் கொண்டுபோய்க் குழந்தை இயேசுவின் தலைமாட்டில் நிறுத்தினார்.

"தொழுவத்துல மாடுதான சார் இருந்துச்சு, மான் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார் அப்பா.

"மான்தான்யா கிறிஸ்மஸ் லுக்கு. மாடு வச்சா மாட்டுப்பொங்கல்னு நெனச்சுக்குவாங்க" என்றார் தலைவர்.

மாடு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனது. வேடிக்கை பார்க்க வந்த முனியப்பா மாமா மானை ஏற இறங்கப் பார்த்து, "தீனி ஏதாச்சும் போடறீங்களா சார்?" என்று கேட்டதுதான் அன்று நடந்த ஒரே நியாயம்.

இத்தனை வருடமாக அந்தத் தலைவரைத் திட்டித் தீர்க்கிறேன். அவராவது தெரியாமல் செய்தார். கிறிஸ்துமஸ் மாலை, என் வகுப்புப் பிள்ளைகள் மாட்டைச் சுற்றி நின்று கெக்கெக்கே என்று சிரிக்க, "இத யாருடி செஞ்சது?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

மாட்டுக்குப் பின்னால், வாயில் டெஸ்டரைக் கவ்வியபடி அப்பா குனிந்து ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அவர் ஸ்விட்சை அணைத்தார். வீட்டுக்கு வந்த மாட்டின் மேல் அம்மா அவரைக்கொடி ஏற்றினாள். வீடு மாறியபோது அது பழைய இரும்போடு போய்விட்டது.

போன டிசம்பரில் எங்கள் குடியிருப்பு வாசலிலும் ஒரு மான் நின்றது. அதை வாங்கிய குழுவில் நானும் இருக்கிறேன். சரி என்று தூக்கிய கைகளில் என் கையும் ஒன்று. வந்திருந்த அப்பாவிடம் என் மகள் அதைக் காட்டி, "தாத்தா, இத யாரு செஞ்சாங்க?" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மானின் வயிற்றுப் பக்கம் குனிந்து பற்றவைப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியாது பாப்பா" என்றார்.