மச்சான் கொடுத்த காட்டு வேர்

போன வாரம் ஜேசிபிக்காரருக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வந்து திராட்சைத் தோட்டத்தைப் பிடுங்கிவிடச் சொல்லி.

வேறு வழி? போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது. காய்ப்பும் நின்றது.

சனிக்கிழமை, தண்ணீர் பரிசோதிக்கும் அம்மணி ஒருவர் வந்தார். வீட்டுக்காரி வரவழைத்திருந்தாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்தவர், வேலியோர வரிசையில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது மட்டும் பச்சையா நிக்குது?"

"வேப்பமர நெழலுங்க."

"நெழலால உப்பு போகாதுங்க. என்ன நாத்து?"

மச்சான் கொடுத்தது. வீட்டுக்காரியின் அண்ணன். காட்டுத் திராட்சை வேரில் நம் பன்னீர் திராட்சையை ஒட்டுக் கட்டிய நாற்று. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மச்சானிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? 'ஆகட்டுங்க' என்றேன். எங்கள் பக்கம் அதற்குப் பாதி நேரம் 'முடியாது' என்றுதான் பொருள். மரியாதைக்கு ஒரு வரிசை நட்டு வைத்தேன்.

அம்மணி விளக்கினார்.

"இந்த வேரு உப்பைக் கீழயே மறிச்சுப்போடுங்க. இலைக்கு அவ்வளவா ஏத்தாது. தப்பி ஏறுற உப்பைத் தாங்க, புரோலின்னு ஒண்ணைச் செடியே தயார் பண்ணிக்கும். எல்லாம் ஜீன்ல இருக்கற கொணமுங்க."

"அப்ப இதே வரிசையில முன்னாடி பத்துச் செடி கருகியிருக்குதுங்களே?"

குனிந்து கையால் மண்ணைப் பறித்தார். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் கிடந்தது.

"மண்ணு அணைச்சீங்களா?"

"ஆமாங்க. மச்சான் வந்தா கவனிச்சது கண்ணுல படுமேன்னு... முன்னாடி மட்டும்."

மண் பட்டதும் மேல் கொடியே தனியாக வேர் விட்டிருக்கிறது. அந்த வேருக்கு உப்பை மறிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்காரி சிரிக்கவில்லை. "நீங்க பார்க்காம உட்டதுதான் பொழைச்சிருக்குது" என்றாள்.



ஜேசிபியை வேண்டாமென்றேன். பட்ட கொடிகளை எடுத்துவிட்டு, வரிசை வரிசையாக ஒட்டு நாற்று வைத்தால் போதும். தோட்டம் தோட்டமாகவே இருக்கும்.

மண்ணுக்கு மேலே தெரிவதைத்தானே நாம் பாராட்டுகிறோம்? கீழே உப்பை மறித்துக்கொண்டு சும்மா இருப்பதை யார் குனிந்து பார்க்கிறோம்...

மச்சானுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன்.

"ஏனுங்க மாப்ள, ஒடம்புக்கு ஏதாச்சும்ங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். இன்னும் நானூறு நாற்று அனுப்பட்டுமா என்றார்.

"ஆகட்டுங்க" என்றேன்.

இந்த முறை நிஜமாகவே.