ஈயம் போன சம்புடம்

எனக்கு ஐந்து வயதானபோது எங்கள் வீட்டின் பெருங்கவலை, என் வயிற்றுக்குள் மீன் போய்விடுமோ என்பதுதான். அப்பாவுக்குக் கல்கத்தாவில் கம்பெனி உத்தியோகம், பவானிப்பூரில் குடியிருந்தோம். தம்பி பிறந்து அம்மா இன்னும் தேறவில்லை. அதனால் பகலெல்லாம் என்னைப் பக்கத்துச் சந்தில் ஒரு வங்காளி விதவையிடம் விட்டுவைத்தார்கள். அவர் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு எழுத்தும் சொல்லிக்கொடுப்பார். எல்லோரையும் போல நானும் அவரைப் பிஷிமா, அதாவது அத்தை, என்றே கூப்பிட்டேன்.

அம்மா பித்தளைச் சம்புடத்தில் தயிர்சாதம் கட்டிக்கொடுப்பாள். மற்றக் குழந்தைகள் மீன் குழம்பும் சோறும் கொண்டுவருவார்கள். அந்தக் காற்றுப் பட்ட சம்புடம் சும்மா வீட்டுக்குள் வந்துவிடுமா? வாசலிலேயே நிறுத்தி, புளியும் சாம்பலும் போட்டு, உள்ளும் புறமும் மூன்று தரம் தேய்ப்பாள்.

"அவா ஆத்துல பச்சத் தண்ணி குடிக்கப்படாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்பாள். தினமும் செய்தேன்.

ஒருநாள் வாந்தி எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். அம்மா நடுங்கிப்போனாள். மீன் தின்றாயா என்று கேட்டுக் கேட்டு, நான் இல்லை என்று சொன்னதை நம்பாமல், சம்புடத்தை ஐந்து தரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் நான் மூடியைத் திறந்ததும் பிஷிமா குனிந்து பார்த்தார். சாதத்தின் ஓரமெல்லாம் பச்சை. "கேயோ நா" என்றார். சாப்பிடாதே என்று அர்த்தம். சாதத்தைக் குழியில் கொட்டி மூடினார். மீன் சேர்க்காத அவர், தமக்கென்று வைத்திருந்த பாலும் பொரியும் வாழைப்பழமும் தந்தார். எனக்கோ அகோரப் பசி. சத்தியம் நினைவுக்கு வந்தபோது கிண்ணம் காலியாகியிருந்தது.

சம்புடத்துக்குள் ஈயப் பூச்சு போய்விட்டது, அம்மாவிடம் சொல் என்றார். எப்படிச் சொல்வது? பால் குடித்த கதையும் கூடவே வந்துவிடுமே. மறைத்துவிட்டு, காலையில் வழக்கம்போல் சத்தியமும் செய்தேன். பொய்ச் சத்தியம் செய்தால் அம்மா செத்துப்போவாள் என்று நிச்சயமாக நம்பினேன். தூக்கத்தில் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். பிஷிமா தினமும் சம்புடத்துச் சாதத்தைக் கொட்டிவிட்டுத் தம் பாலையும் பொரியையுமே தந்தார். வாந்தி நின்றதும், எல்லாம் தேய்த்த தேய்ப்பின் மகிமை என்று அம்மா அப்பாவிடம் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த பிஷிமா, தெருவில் வந்தவனிடம் ஈயம் பூசவைத்து, சம்புடத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மாவுக்கு வங்காளி பாஷை தெரியாது. நான்தான் சொல்லவேண்டும்.

"புளி போட்டுத் தேச்சுத் தேச்சு ஈயம் போயிடுத்தாம்மா. தயிர் பட்டுக் களிம்பாயிடுத்தாம். வாந்தி அதனாலதானாம்." அப்புறம் பாலையும் சொல்லிவிட்டேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா பிஷிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். நான் கண்டவர் வீட்டில் தின்றதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, ஓடிப்போய் அவள் தலையில் கைவைத்தேன்.

"இனிமே நீ கட்டிக் குடுக்கறத மட்டுந்தாம்மா சாப்பிடுவேன். சத்தியம்."

அவள் அழுகை இன்னும் பெரிதாயிற்று. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.