சந்தனம் வச்ச சுவிட்சு

இந்த ஆயுத பூஜை அன்னைக்கு எங்க வீட்டுல ஒரு சண்டை. சண்டைன்னா, சத்தம் போட்டது நான் மட்டும்தான். என் வீட்டுக்காரி மிக்சி, இன்வெர்ட்டர், மகளோட லேப்டாப்புன்னு வரிசையாச் சந்தனம் வச்சுக்கிட்டு வந்தா. லேப்டாப்பு பவர் பட்டன்கிட்ட விரல் போனதும் நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சுருச்சு. "சந்தனம் வச்சா என்னங்க ஆயிரப் போகுது?"ன்னு கேட்டா. நான் விறுவிறுன்னு வாசலுக்கு வந்துட்டேன். அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை போயிருச்சுன்னு மகள் முடிவு கட்டிட்டா. அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல, வருசம் தவறாம வீரபாண்டி கோயிலுக்குப் போறவன் நான். எனக்குச் சந்தன வாசனை ஆகாது, அம்புட்டுத்தான். அது மூக்குல ஏறுனா போடி ஊரு ஞாபகம் வரும். போடி ஞாபகம் வந்தா ஒரு மேனேஜர் மூஞ்சி ஞாபகம் வரும். அப்புறம் அன்னைக்குப் பூராவும் நான் மனுசனா இருக்க மாட்டேன்.

பல வருசத்துக்கு முன்னாடி நான் தேனியில ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில வேலை பார்த்தேன். அடையாள அட்டையில 'ஹார்டுவேர் இன்ஜினியர்'னு போட்டுருக்கும். நெசத்துல நான் ஸ்க்ரூ டிரைவர் தூக்குற ஆளு. பையில நாலு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிரஷ்ஷு, ஒரு ரப்பர், அப்புறம் சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகம். அந்தப் புத்தகத்தைச் சொல்லியே ஆகணும். என்ன குறை, என்ன காரணம், என்ன செஞ்சோம்னு கார்பன் வச்சு எழுதணும். கீழ கஸ்டமர் கையெழுத்து வாங்கணும். வெள்ளைத் தாள் அவுகளுக்கு, மஞ்சத் தாள் எங்க கடைக்கு. கையெழுத்து இல்லாமத் திரும்பி வந்தா, வேலையே பார்க்கலைன்னு எங்க ஓனர் கத்துவாரு.

விஜயதசமி காலையில எட்டு மணிக்கே போன். போடியில ஒரு ஏலக்காய் மண்டி. அங்கன இருந்த சர்வர் ஆன் ஆக மாட்டேங்குது. மறுநாள் ஏலம். எந்த மூட்டை யாரோடது, என்ன எடை, என்ன ரகம்னு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் கெடக்கு. "இந்த மாசத்தோட அவுக காண்ட்ராக்ட் முடியுது. போன எடத்துல வாயக் குடுத்து வம்ப இழுத்துட்டு வராத"ன்னு எங்க ஓனர் சொல்லித்தான் அனுப்புனாரு. எனக்கு அப்பெல்லாம் வாய் கொஞ்சம் நீளம். தேவைப்பட்ட அன்னைக்கு மட்டும் அது இல்லாமப் போச்சு.

ஏலக்காய் வாசனைன்னா எல்லாரும் கண்ணை மூடி ரசிப்பாக. எட்டு மணி நேரம் அதுக்குள்ள உக்காந்து பாருங்க, மண்டை பிளந்துரும். அந்த மண்டி வாசல்லயே மேனேஜர் நின்னுக்கிட்டு இருந்தாரு. "என்னய்யா, இப்பத்தான் விடிஞ்சுச்சா ஒனக்கு?" இதுதான் வரவேற்பு. தண்ணி வேணுமான்னு கூடக் கேக்கல. "எல்லாம் அந்தப் புள்ள பண்ணுன வேலை. பூஜைக்கு நிப்பாட்டுனது அதுதான். கண்டபடி பட்டனை அமுக்கிக் கெடுத்து வச்சுருக்கு"ன்னு நடந்துக்கிட்டே தீர்ப்பும் சொல்லிட்டாரு.

அந்தப் புள்ள பேரு முருகேஸ்வரி. அங்கன கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஜெயமங்கலத்துல இருந்து ரெண்டு பஸ்சு மாறி வர்ற பொண்ணு. அவ அப்பா தென்னை மரத்துல இருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்த படுக்கை. அவ சம்பளத்துலதான் அந்த வீட்டுல உலை கொதிக்குதுன்னு மண்டியில எல்லாருக்கும் தெரியும். அவ நாற்காலியத் தன் மச்சினன் மகனுக்கு வாங்கிக் குடுக்க மேனேஜர் ஒரு வருசமா அலையுறாருங்கறதும் எல்லாருக்கும் தெரியும். மிஷின் சரியாகி ஓடுற வரைக்கும் அவ உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாராம் அந்தாளு. செவரோரமா நின்னுக்கிட்டு இருந்தா.

"அண்ணே, நான் கீபோர்டுலதான் ஷட்டவுன் குடுத்தேன். பட்டனைத் தொடவே இல்ல"ன்னா.

நான் வேலைய ஆரம்பிச்சேன். பிளக் பாயிண்ட்ல டேபிள் ஃபேனைச் சொருகிப் பார்த்தேன், சுத்துச்சு. கேபிளை மாத்துனேன். பின்னாடி சின்னப் பச்சை லைட்டு எரியுது, அப்ப கரண்டு உள்ள வருது. முன்னாடி பட்டனை அமுக்குனா செத்த பொணமாட்டம் கெடக்கு. மெமரியைக் கழட்டி, ரப்பர் போட்டுத் தேச்சு, திரும்ப மாட்டுனேன். ஒண்ணும் நடக்கல. மேனேஜர் என் தலைக்கு மேல நின்னு பெருமூச்சு விட்டுக்கிட்டே இருந்தாரு. ஏலக்காயும் வெத்தலையும் கலந்த மூச்சு. இன்னைக்கும் எனக்குக் கொமட்டும்.

முன்பக்கம் பூராவும் மாலை, பொட்டு. மாலையை நகர்த்தப் போனேன். "ஏய், பாத்து. மொதலாளி கையால போட்டது. சந்தனமும் அவுகளேதான் வச்சாக, வெரல் கனத்துக்கு"ன்னாரு மேனேஜர், ஏதோ தானே வச்ச மாதிரி. அதுக்குப் பயந்து நானும் அந்தச் சந்தனத்துக்கு மேலயே பட்டனை அமுக்கிக்கிட்டு ரெண்டு மணி நேரம் மிஷினோட குடலை உருவிக்கிட்டு இருந்தேன். இன்ஜினியராம்ல!

கடைசியாத்தான் புத்தி வந்துச்சு. பட்டன்ல இருந்து போர்டுக்குப் போற வயரை உருவிட்டு, அது சொருகியிருந்த ரெண்டு கம்பி முள்ளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால சேர்த்து லேசாத் தொட்டேன். ஃபேன் எல்லாம் சேர்ந்து உறுமிக்கிட்டு மிஷின் எந்திரிச்சுருச்சு. அப்ப கோளாறு பட்டன்ல மட்டும்தான். முன்மூடியைக் கழட்டிப் பார்த்தேன். ஈரச் சந்தனம் இடுக்குல எறங்கி, ஒரு நாள் பூராவும் காஞ்சு, சிமிண்டு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. சந்தனம் அப்புனப்ப உள்ள போன பட்டன் போனபடியே மாட்டிக்கிருச்சு. யாரோ விடாம அமுக்கிக்கிட்டே இருக்காகன்னு நெனச்சு மிஷின் எந்திரிக்கல. நெகத்தால சுரண்டி எடுத்தேன். பட்டன் டக்குனு வெளிய வந்துச்சு.

சத்தம் கேட்டு முதலாளி வந்தாக. வெள்ளை வேட்டி, நெத்தி நெறையச் சந்தனம். "என்ன தம்பி கோளாறு?"ன்னு நல்லாத்தான் கேட்டாக.

"சுவிட்சு உள்ள போயி மாட்டிக்கிருச்சு, மொதலாளி."

"எப்பிடி?"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மேனேஜர் முந்திக்கிட்டாரு. "நான்தான் காலையிலயே சொன்னேன்ல மொதலாளி. அந்தப் புள்ள கோவத்துல போட்டு அமுக்கிருக்கு." முதலாளி என்னையப் பார்த்தாக. நான் தலையாட்டுனேன். ஆமா, ஆட்டுனேன். ஓனர் சொன்ன காண்ட்ராக்ட் மட்டும்தான் அந்த நேரம் என் மண்டையில ஓடுச்சு. அப்புறம் புத்தகத்தை எடுத்துக் குனிஞ்சு எழுதுனேன்: காரணம், ஆபரேட்டர் தவறாகக் கையாண்டது.

கஸ்டமர் கையெழுத்து யாரு போடணும்? எப்பவும் முருகேஸ்வரிதான் போடுவா. அதுதான் அந்த மண்டி வழக்கம். "போடு"ன்னாரு மேனேஜர். அவ வந்து புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாப் படிச்சா. அப்புறம் எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா:

"அண்ணே, ஒங்க நெகத்துல சந்தனம் இருக்கு."

கையெழுத்துப் போட்டுட்டு, டிபன் பாக்சை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அடுத்த தடவை நான் போறப்ப அந்த நாற்காலியில மச்சினன் மகன் உக்காந்துருந்தான்.

அந்த மேனேஜரை இன்னைக்கு வரைக்கும் வையுறேன். நாசமாப் போறவன். ஆனா ஒண்ணு, அந்தாளுக்குச் சந்தனம் மாட்டுனது தெரியாது. தெரிஞ்சு பொய் எழுதுனவன் நான் ஒருத்தன்தான். நெசத்தைச் சொல்லியிருந்தா முதலாளி சிரிச்சுட்டுப் போயிருப்பாகளோ என்னவோ.

நாலஞ்சு வருசம் கழிச்சு ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுல அவளைப் பார்த்தேன். தறி வேலைக்குப் போறேன்னா. தோள்ல ஒரு கொழந்தை தூங்குச்சு. நான் என்னென்னமோ சொல்லணும்னு முண்டுறேன், அவ கேக்குறா: "அந்த மிஷின் ஓடுதாண்ணே?" ஓடுதும்மான்னேன். "நல்லது"ன்னுட்டு மதுரை பஸ்சுல ஏறிட்டா. அதுக்கப்புறம் கண்ணுல படல.

இப்ப அந்த மிஷினும் இல்ல, பழைய இரும்புக்குப் போயிருச்சு. மண்டி இருந்த எடத்துல துணிக்கடை. முதலாளி போய்ச் சேர்ந்துட்டாக. ஏலம் எல்லாம் செல்போன்லயே நடக்குதாம், சந்தனம் வைக்க அங்கன பட்டனும் இல்ல. எங்க சர்வீஸ் கடை பிரியாணிக் கடையாயிருச்சு. மஞ்சத் தாள் எல்லாம் எந்தப் பொட்டிக்கடையில வடை மடிக்கப் போச்சோ தெரியல. திருத்தி எழுதலாம்னா அந்தப் புத்தகம் எங்கன இருக்கு? அதனால இங்கன எழுதுறேன்.

குறை: சர்வர் ஆன் ஆகவில்லை. காரணம்: பவர் பட்டனில் முதலாளி வைத்த பூஜைச் சந்தனம். ஆபரேட்டர் முருகேஸ்வரி பட்டனைத் தொடவில்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

கஸ்டமர் கையெழுத்துக்கு உள்ள எடம் காலியாத்தான் கெடக்கு.