படுத்துக் காட்ட வேண்டிய நாள்

நாட்டில் கிழவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், எல்லாரையும் கவனிக்க அரசாங்கத்திடம் காசு போதவில்லை என்று டிவியில் ஒரு பெரிய மனிதர் கவலைப்பட்டார். அவர் போட்டிருந்த கோட்டை விற்றாலே எங்கள் தோட்டத்து லயத்துக் கிழவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு மாதம் கஞ்சி ஊற்றலாம். ஆகவே உதவித்தொகை படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமாம். நாமெல்லாம் புளுகர்கள் இல்லையா, அதனால் அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பாராம்.

எனக்குப் பயமே இல்லை. லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த அப்பா, பக்கவாதம் வந்ததிலிருந்து புரண்டு படுக்கவே என்னைக் கூப்பிடுகிறார். அவருக்காகத்தான் செண்டாயான் ஃபேக்டரி வேலையை விட்டேன். இந்தத் தொகை வந்தால்தான் மருந்து, பேம்பர்ஸ் எல்லாம். சும்மா படுத்துக் கிடப்பதற்கு ஒரு பரீட்சை என்றால், அப்பா முதல் மார்க் வாங்கிவிடுவார் என்றே நம்பினேன்.

வந்தது என்னைவிடச் சின்ன வயது மலாய்ப் பெண். கழுத்தில் அடையாள அட்டை. அப்பா அதைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். தோட்டத்துத் துரை வந்தாலும் கணக்கெழுதும் கிராணி வந்தாலும் எழுந்து நின்றே பழகிய உடம்பு. நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். நான் ஓடுவதற்குள் எழுந்தே நின்றுவிட்டார்! சிங்லெட் பனியனோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் வெடவெடக்க, அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்து "செலாமாட் பாகி, துவான்" என்று துரைக்குச் சொல்வதுபோல் வாய் குழற ஒரு காலை வணக்கம் வேறு.

அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாக்சிக் மாசே குவாட் லா!" என்றாள். பெரியவர் இன்னும் பலமாக இருக்கிறாராம்.

இன்றைக்குத்தான் நிற்கிறார், இது அதிசயம் என்று தெரிந்த மலாயில் கெஞ்சினேன். அதிசயத்துக்கெல்லாம் அரசாங்கத்தில் இடமில்லை. நிற்கிறவர்களுக்குக் கிடையாது என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

கார் கிளம்பியதும் அப்பா கட்டிலில் பொத்தென்று விழுந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆயுசு முழுக்க இந்த மண்ணில் நின்றே உழைத்தவர் விழுந்துவிட்டார் என்பதற்கு நான் சாட்சி காட்ட வேண்டுமாம். அரசாங்கம், துரை, அப்பா என்று ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டேதான் அவருடைய பேம்பர்ஸை மாற்றினேன்.

அப்பா என் கையைப் பிடித்து, குழறிக் குழறிச் சொன்னார்:

"அடுத்த தடவ ஆபிசர் வந்தா நல்ல சட்டையா போட்டு வுடும்மா. சிங்லெட்டோட நின்னுட்டேன். என்ன நெனச்சிருப்பாங்க?"